750 வாட்டா, 1 கிலோவாட்டா? டெல்டா பி2 சர்வோ, வடசென்னைப் பட்டறைக்கு எது சரி

பழைய மில்லிங் மெஷினையோ லேத்தையோ சிஎன்சி ஆக்கப் புறப்படும் வியாசர்பாடி, கத்திவாக்கம், மாதவரம் பட்டறைக்காரர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "செவன் ஃபிஃப்டி வாட் போதுமாண்ணே?" கடைக்காரரும் "தாராளமா போதும்" என்று எடுத்து வைத்துவிடுவார். அவர் சொல்வது பொய்யில்லை. பலகையில் பேர் வெட்டுகிற ரூட்டருக்குப் போதும், சின்ன டேபிளுக்கும் போதும். ஆனால் வார்ப்பிரும்பு டேபிளும், அதை நகர்த்துகிற 32 மிமீ திருகுத்தண்டான பால் ஸ்க்ரூவும் உள்ள மில்லிங்குக்கு அதே மோட்டாரை மாட்டினால் ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடாது. காரணம் வாட் இல்லை, இனர்ஷியா, அதாவது சுற்றுகிற பொருள் தன் வேகம் மாறுவதை எதிர்க்கிற குணம்.

இங்கே பேசப்போவது டெல்டாவின் ஏஎஸ்டிஏ-பி2 வரிசையில் நம் பக்கம் அதிகம் விலைபோகும் இரண்டு ஜோடிகளைப் பற்றி. ஒன்று 80 மிமீ ஃபிளாஞ்ச் (மோட்டாரை மாட்டுகிற முன்முகம்), 750 வாட், இசிஎம்ஏ-சி20807ஆர்எஸ் மோட்டாரும், அதை ஓட்டுகிற மின்பெட்டியான 0721 டிரைவும். இன்னொன்று 130 மிமீ ஃபிளாஞ்ச், 1 கிலோவாட், இசிஎம்ஏ-இ21310ஆர்எஸ் மோட்டாரும் 1021 டிரைவும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 10 மிமீ பிட்ச் (ஒரு சுற்றுக்கு டேபிள் நகரும் தூரம்) ஸ்க்ரூ, 150 கிலோவுக்கு மேல் டேபிள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 130 ஃபிளாஞ்ச். 20 மிமீ ஸ்க்ரூ, 5 மிமீ பிட்ச், அறுபது எழுபது கிலோ டேபிள் என்றால் 80 ஃபிளாஞ்ச். ஹெட் மேலும் கீழும் போகிற இசட் அச்சுக்குத் தனிக் கணக்கு.

மோட்டார் நம்பரைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. 'சி' என்றால் 220 வோல்ட், 3000 ஆர்பிஎம். 'இ' என்றால் 220 வோல்ட், 2000 ஆர்பிஎம். அடுத்து வரும் 2 என்பது 17 பிட் என்கோடர், அதாவது மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று அளக்கிற சென்சார். 08, 13 இரண்டும் ஃபிளாஞ்ச் அளவு. 07, 10 இரண்டும் வாட். கடைசிக்கு முந்தின எழுத்து 'ஆர்' என்றால் சாவிக்குழியும் ஆயில் சீலும் உண்டு, பிரேக் இல்லை. 'எஸ்' என்றால் பிரேக்கும் உண்டு. அதே இடத்தில் 'பி' என்ற எழுத்து இருந்தால் ஆயில் சீல் இல்லாதது. கூலன்ட் தெறிக்கிற இடத்துக்கு அது வேண்டாம், விலை குறைவென்று சொன்னாலும் வேண்டாம்.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். 750 வாட் மோட்டாரின் ரேட்டட் டார்க் (தொடர்ந்து தரக்கூடிய முறுக்கு விசை) 2.39 நியூட்டன் மீட்டர், உச்சம் 7.16, ஷாஃப்ட் 19 மிமீ. 1 கிலோவாட் மோட்டாருக்கு 4.77, உச்சம் 14.3, ஷாஃப்ட் 22 மிமீ. வாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, டார்க்கோ இரட்டிப்பு. 3000 ஆர்பிஎம்மில் கணக்கிட்ட வாட் ஒன்று, 2000 ஆர்பிஎம்மில் கணக்கிட்ட வாட் இன்னொன்று, அவ்வளவுதான் விஷயம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9.55ஆல் வகுத்தால் வாட். மெஷின் டூலுக்கு 3000 ஆர்பிஎம் தேவையே இல்லை. 10 மிமீ ஸ்க்ரூவில் 2000 ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு 20 மீட்டர். பழைய பாக்ஸ் வே மில்லிங்கில் அந்த வேகத்தில் ரேப்பிட் (வெட்டாமல் வேகமாக நகர்வது) விட்டால் ஸ்லைடுக்கு எண்ணெய் போய்ச் சேராது. பத்து, பன்னிரண்டு மீட்டரே அதற்கு அதிகம்.

முக்கியமான எண் டேட்டாஷீட்டில் இன்னும் கீழே இருக்கிறது. 750 வாட் மோட்டாரின் ரோட்டார் இனர்ஷியா 1.13, 1 கிலோவாட்டுக்கு 8.41. இரண்டுமே பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர் அலகில். ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். இதோடு லோடை ஒப்பிட வேண்டும். 32 மிமீ விட்டம், ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்க்ரூவின் இனர்ஷியா மட்டும் அதே அலகில் 8.1 வருகிறது. 200 கிலோ டேபிள், 10 மிமீ பிட்ச்சில், மோட்டார் ஷாஃப்டுக்குத் திருப்பிப் பார்த்தால் 5.1. டேபிளைவிட ஸ்க்ரூதான் பெரிய சுமை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். விட்டம் நான்காம் படியில் வருவதால் 25 மிமீ ஸ்க்ரூவை 32 ஆக்கினால் இனர்ஷியா இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். இரண்டையும் கூட்டினால் 13.2. கப்ளிங்கைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

750 வாட் மோட்டாருக்கு இது கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு சுமை. 1 கிலோவாட்டுக்கு ஒன்றரை மடங்குதான். மாட்டைவிட வண்டி கனத்தால் இறக்கத்தில் வண்டிதான் மாட்டைத் தள்ளும். பன்னிரண்டு மடங்கு சுமையை வைத்துக்கொண்டு கெயினை (டிரைவ் பிழையைத் திருத்துகிற வேகம்) ஏற்றினால் டேபிள் ரீங்காரம் போடும், இறக்கினால் வட்டம் வெட்டும்போது அச்சு திசை மாறுகிற நாலு இடத்திலும் மேடு தெரியும். இரண்டுக்கும் நடுவே நல்ல இடம் ஒன்று கிடைக்கவே கிடைக்காது. உலோகம் வெட்டுகிற மெஷினுக்கு ஐந்து மடங்குக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பத்து வரை சமாளிக்கலாம், ஃபினிஷில் விட்டுக்கொடுக்கத் தயார் என்றால்.

750 வாட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. நேராக கப்ளிங் போடாமல் 2:1 டைமிங் பெல்ட் போடுங்கள். லோட் இனர்ஷியா நாலில் ஒரு பங்காகக் குறைந்து 3.3 ஆகும். டார்க் 4.78 ஆகும். ரேப்பிட் நிமிடத்துக்கு 15 மீட்டர் மிஞ்சும், அதுவே தாராளம். கிட்டத்தட்ட 1 கிலோவாட் நேரடி கப்ளிங் செய்கிற வேலையை இது செய்யும். ஆனால் பெரிய புல்லியை இரும்பில் கடைந்தால் சம்பாதித்த இனர்ஷியாவைப் புல்லியே தின்றுவிடும். அலுமினியத்தில் கடைந்து, நடுவில் துளை போட்டு, எடையைக் குறையுங்கள். பெல்ட் டென்ஷன் சரியாக இருக்கிறதா என்பதைப் பின்னால் பேக்லாஷ் டயலில் பார்த்தால் தெரிந்துவிடும்.

இசட் அச்சுக்கு வருவோம். 120 கிலோ ஹெட், எதிர் எடை (கவுன்டர்வெயிட்) இல்லை, 10 மிமீ பிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையை 9.81ஆல் பெருக்கி, பிட்ச்சை மீட்டரில் பெருக்கி, இரண்டு பையால் வகுத்து, ஸ்க்ரூ எஃபிஷியன்சி 0.9ஆல் வகுத்தால் 2.1 நியூட்டன் மீட்டர் வரும். ஹெட்டை மேலே ஏற்றுவதற்கு மட்டுமே இவ்வளவு. சும்மா பிடித்துக்கொண்டு நிற்கவும் ஏறத்தாழ இதே அளவு வேண்டும். 750 வாட் மோட்டாரின் ரேட்டட் டார்க்கில் இது 87 சதவீதம். ஒரு சிப் கூட வெட்டாமலேயே மோட்டார் நாள் முழுக்கச் சூடேறிக் கிடக்கும், டிரில் இறங்கும்போது டிரைவில் ஏஎல்006 ஓவர்லோட் அலாரம் வந்து நிற்கும். 1 கிலோவாட்டில் அதே வேலைக்கு 44 சதவீதம். அதனால் இசட்டுக்கு 1 கிலோவாட், பிரேக்கோடு, அல்லது 5 மிமீ பிட்ச் ஸ்க்ரூ. கவுன்டர்வெயிட் போட்டால் பிடிக்கும் டார்க் குறையும், ஆனால் நகர்த்த வேண்டிய எடை கூடும். அதையும் இனர்ஷியாவில் சேர்க்க வேண்டும்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. மோட்டாரில் வருவது பிடித்து நிறுத்தி வைக்கிற பிரேக், ஓடுவதை நிறுத்துகிற பிரேக் இல்லை. எமர்ஜென்சி அழுத்தியதும் சர்வோ ஆஃப் ஆகி, ஓடுகிற ஹெட்டை பிரேக் பிடித்து நிறுத்துகிற மாதிரி வயரிங் செய்தால் லைனிங் தேய்ந்து, ஒருநாள் ஹெட் மெதுவாக இறங்கும். 24 வோல்ட் கொடுத்தால் பிரேக் விடும், எடுத்தால் பிடிக்கும். டிரைவின் பிரேக் அவுட்புட் சில பத்து மில்லி ஆம்ப்தான் தாங்கும். நேராக காயிலில் இணைக்காமல் ரிலே வழியாக, காயிலுக்குக் குறுக்கே டையோடு போட்டு இணைக்க வேண்டும். டையோடு போடாத பட்டறையில் டிரைவின் அந்த அவுட்புட் கூடிய சீக்கிரம் செத்துவிடும். எவ்வளவு நேரம் கழித்து விடுவது, எவ்வளவு நேரம் முன்னே பிடிப்பது என்பதற்கு 1-42, 1-43 என்று இரண்டு பேராமீட்டர் இருக்கிறது. ஹெட் ஸ்டார்ட்டில் ஒரு மிமீ தொய்ந்து பிறகு எழுந்தால் இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

இனி கரண்ட். வடசென்னைப் பட்டறைகளில் டிரைவ் எரிவதற்குப் பெரிய காரணம் டிரைவ் இல்லை, நியூட்ரல். பி2 டிரைவ் 220 வோல்ட் வகை. நம் இபி லைன் 415 வோல்ட் மூன்று பேஸ். 1 கிலோவாட் டிரைவும் சிங்கிள் பேஸில் ஓடும் என்பதால் பலர் மூன்று டிரைவையும் ஆர், ஒய், பி என்று ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே போட்டுவிடுகிறார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் ஓடும், கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ நியூட்ரல் லூஸ் ஆகும் வரை. அந்த நிமிடம் லோட் குறைந்த பேஸில் வோல்டேஜ் 415ஐ நோக்கி ஏறும். உள்ளே கெபாசிட்டர் வெடித்த பிறகுதான் தெரியும். மழைக்காலத்தில் இது அபூர்வமே இல்லை.

சரியான வழி 415க்கு 220 வோல்ட் மூன்று பேஸ் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பிரைமரியில் நியூட்ரல் கிடையாது, அதனால் நியூட்ரல் போனாலும் கவலையில்லை. மூன்று 1 கிலோவாட் அச்சுக்கு 5 கேவிஏ வைத்தால் போதும். டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருக்கும், பேனலுக்கு வெளியே வைக்க இடம் வேண்டும், விலையும் ஒரு டிரைவுக்கு நெருக்கமாக வரும். இருந்தாலும் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. இன்னொரு லாபம்: சிங்கிள் பேஸில் இந்த டிரைவின் மேல் எல்லை 255 வோல்ட். சுற்றியுள்ள பட்டறைகள் மூடிய பிறகு ராத்திரியில் லைன் 250ஐத் தொட்டால், உள்ளே டிசி பஸ் ஏற்கெனவே 350 வோல்ட். டேபிள் வேகமாக வந்து நிற்கும்போது மோட்டார் திருப்பி அனுப்புகிற கரண்ட் அதன்மேல் ஏறும். ஏஎல்002 (ஓவர்வோல்டேஜ்), ஏஎல்005 (ரீஜெனரேஷன்) அலாரம் இரண்டும் ராத்திரி ஷிஃப்டில் மட்டும் வருகிறது என்றால் காரணம் இதுதான். டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் ஏஎல்005 வந்தால் மோட்டார் திருப்பி அனுப்புவதை வெப்பமாக்கி விடுகிற ரீஜென் ரெசிஸ்டரை வெளியே போட வேண்டும். பி, டி முனைகளுக்கு நடுவே இருக்கிற இணைப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, பி, சி முனைகளில் ரெசிஸ்டரை இணைக்க வேண்டும். தகட்டைக் கழற்ற மறப்பவர்கள்தான் அதிகம்.

எமர்ஜென்சிக்கு மெயின் சப்ளையை கான்டாக்டர் வழியாக வெட்டுங்கள். கன்ட்ரோல் சப்ளை எல்1சி, எல்2சி இரண்டையும் விட்டுவிடுங்கள். அப்போதுதான் என்ன அலாரம் வந்தது என்று டிஸ்ப்ளேயில் நிற்கும். மின்சாரத்தை நிறுத்தியதும் கையை உள்ளே விட வேண்டாம், சார்ஜ் விளக்கு அணைந்த பிறகு பத்து நிமிடம் பொறுத்து விடுங்கள்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பட்டறைகளுக்கு இன்னொரு எதிரி உண்டு, உப்புக்காற்று. இந்த இடத்தில் இரண்டு மோட்டாருக்கும் வித்தியாசம் அதிகம். 750 வாட் மோட்டாரிலிருந்து குட்டையாக இரண்டு வயர் வரும், முனையில் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர். 1 கிலோவாட்டில் மோட்டார் உடம்பிலேயே திருகி மாட்டுகிற உலோக வட்டக் கனெக்டர். மோட்டாரின் ஐபி65 தரம் என்பது உடம்புக்கு. அந்த பிளாஸ்டிக் கனெக்டர் கூலன்ட் தாங்காது. சிப் டிரேக்கு மேலே தொங்குகிற வெள்ளைக் கனெக்டரில் கூலன்ட் ஏறி, கடற்காற்றும் சேர்ந்தால் பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். முதலில் எப்போதாவது என்கோடர் அலாரம் ஏஎல்011 வரும், அணைத்துப் போட்டால் போய்விடும். பிறகு அடிக்கடி வரும். என்கோடர் போய்விட்டது என்று புது மோட்டார் வாங்கியவர்கள் பலர். பழைய மோட்டாரின் பின்களைக் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து பார்த்தாலே பாதிக்கு மேல் உயிர் பெற்றுவிடும். 80 ஃபிளாஞ்ச் மாட்டுகிறவர்கள் கனெக்டரை மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள், வயர் மோட்டாருக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். சொட்டு அங்கேயே விழட்டும். வட்டக் கனெக்டருக்கும் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் திருக வேண்டும். லோக்கலில் கிரிம்ப் செய்த கேபிள்களில் அந்த வாஷரே இருக்காது.

பேனலுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து வெளிக்காற்றை இழுப்பது மே மாதத்தில் நல்ல யோசனை மாதிரித் தெரியும். அந்தக் காற்றோடு வார்ப்பிரும்புத் தூளும் உப்பும் உள்ளே போகும். மூடிய பேனல், உள்ளே சுற்றுகிற ஃபேன், முடிந்தால் சின்ன பேனல் ஏசி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அணைத்துப் போட்டு, திங்கள் காலை ஈரத்தோடு ஆன் செய்வதைவிட, கன்ட்ரோல் சப்ளையை ஓட விடுவது டிரைவுக்கு நல்லது. நவம்பர், டிசம்பரில் தண்ணீர் ஏறுகிற தெரு என்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எவ்வளவு ஏறியது என்று சுவரில் இருக்கிற கறையைப் பார்த்து, அதற்கு மேலே பேனலைத் தூக்கி வையுங்கள். தண்ணீரில் மூழ்கிய சர்வோ மோட்டாரைச் சாதாரண மோட்டார் மாதிரி வெயிலில் காய வைத்து ஓட்ட முடியாது. வைண்டிங் பிழைக்கலாம், என்கோடர் பெரும்பாலும் பிழைக்காது.

மாட்டுகிற முறை. 80 ஃபிளாஞ்ச்சின் பைலட் 70 மிமீ, போல்ட் வட்டம் 90 மிமீ. 130 ஃபிளாஞ்ச்சுக்கு பைலட் 110, போல்ட் வட்டம் 145. பிராக்கெட்டை இந்த அளவில் கடைந்துவிட்டால் நாளைக்கு வேறு கம்பெனி மோட்டாருக்கு மாறினாலும் பெரும்பாலும் அப்படியே உட்காரும், ஷாஃப்ட் மட்டும் மாறலாம். பைலட்டைத் தளர்வாகக் கடைந்து நாலு போல்ட்டை நம்புவது தப்பு. மோட்டார் ஷாஃப்டும் ஸ்க்ரூவும் 0.02 மிமீக்குள் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் வைத்துச் சுற்றிப் பார்த்த பிறகுதான் கப்ளிங்கை இறுக்க வேண்டும். கப்ளிங் கிளாம்ப் வகையாக, பெல்லோஸ் அல்லது டிஸ்க் வகையாக இருக்கட்டும். நடுவில் ரப்பர் நட்சத்திரம் வைத்த கப்ளிங் பம்புக்கு நல்லது, அச்சுக்கு வேண்டாம்.

கப்ளிங் ஏறவில்லை என்று சுத்தியலால் தட்டாதீர்கள். மோட்டாரின் பின்புறத்தில் என்கோடர் டிஸ்க் ஷாஃப்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்னால் கொடுக்கிற அடி நேராக அங்கே போகும். ஷாஃப்ட் நுனியில் மரை போட்ட துளை இருப்பது, போல்ட்டும் வாஷரும் வைத்து இழுத்து ஏற்றுவதற்காகத்தான்.

பவர் கேபிளும் என்கோடர் கேபிளும் ஒரே பைப்பில் போகக் கூடாது. 30 சென்டிமீட்டர் தள்ளிப் போகட்டும், குறுக்கே வெட்ட வேண்டி வந்தால் செங்குத்தாக வெட்டட்டும். டிராக் செயினுக்குள் போகிற கேபிள் வளைந்து தாங்குகிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். டெல்டா பெட்டியோடு கேபிள் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். மூன்று மீட்டர் கேபிள் எடுத்துவிட்டு நடுவில் ஒட்டுப் போட்டு நீட்டுவது என்கோடர் பக்கம் கூடவே கூடாது. மெஷின் பெட்டில் வெல்டிங் அடிக்க வேண்டி வந்தால் அதற்கு முன் என்கோடர் கனெக்டரைக் கழற்றுங்கள்.

யு, வி, டபிள்யூ மூன்றும் டிரைவில் எழுதியபடியே போக வேண்டும். இண்டக்‌ஷன் மோட்டார் பழக்கத்தில், திசை மாறுகிறதே என்று இரண்டு வயரை மாற்றினால் மோட்டார் உதறும் அல்லது கட்டுமீறி ஓடும். திசையை மாற்ற பேராமீட்டர் 1-01ல் வழி இருக்கிறது.

முதல் முறை ஆன் செய்ததும் ஏஎல்013, 014, 015 என்று வரிசையாக வந்தால் பயப்பட வேண்டாம். எமர்ஜென்சிக்கும் இரண்டு லிமிட்டுக்கும் இன்புட் ஒதுக்கி, வயர் வரவில்லை என்று டிரைவ் சொல்கிறது. லிமிட் சுவிட்ச்சைக் கன்ட்ரோலரில் இணைக்கிறவர்கள் 2-15, 2-16, 2-17 மூன்றையும் பூஜ்யமாக்குகிறார்கள். எமர்ஜென்சிக்கு உரிய 2-17ஐ மட்டும் பூஜ்யமாக்காமல் வயரைக் கொண்டுவந்து இணைப்பது நல்லது.

எலக்ட்ரானிக் கியரில், அதாவது கன்ட்ரோலர் அனுப்புகிற பல்ஸை மோட்டார் சுற்றாக மாற்றுகிற விகிதத்தில், ஒரு பொறி உண்டு. 17 பிட் என்கோடர் என்றால் 1,31,072 என்று கணக்குப் படித்தவர்கள் நினைப்பார்கள். பி2வில் ஒரு சுற்றுக்கு 1,60,000 என்றுதான் எடுக்க வேண்டும். 1,31,072 வைத்து கியர் போட்டால் 10 மிமீ நகரச் சொன்னால் 8.19 மிமீதான் நகரும், ஸ்க்ரூ பிட்ச் தப்பு என்று அலைவோம். 10 மிமீ ஸ்க்ரூவுக்கு ஒரு பல்ஸ் ஒரு மைக்ரான் வேண்டுமென்றால் சுற்றுக்கு 10,000 பல்ஸ், அதாவது 1-44ல் 16, 1-45ல் 1. 5 மிமீ ஸ்க்ரூவுக்கு 32க்கு 1. பெட்டியில் இருந்து வரும்போது 16க்கு 10 என்றிருக்கும், சுற்றுக்கு ஒரு லட்சம் பல்ஸ். அப்படியே விட்டால் டேபிள் ஆமை வேகத்தில் போகும்.

பல்ஸ் வேகமும் பார்க்க வேண்டும். லைன் டிரைவர் வழியாக விநாடிக்கு 5 லட்சம் பல்ஸ் போகும், ஓப்பன் கலெக்டர் வழியாக 2 லட்சம்தான். சுற்றுக்கு 10,000 என்றால் ஓப்பன் கலெக்டரில் 1200 ஆர்பிஎம்மோடு நின்றுவிடும், அதாவது 10 மிமீ ஸ்க்ரூவில் 12 மீட்டர். பழைய மில்லிங்குக்கு அதுவே போதும். கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட்டிலிருந்து 25 கிலோஹெர்ட்ஸில் பல்ஸ் அனுப்பி ஓட்டினால் ஒன்றரை மீட்டர்தான் கிடைக்கும், தனி பல்ஸ் கார்டு வேண்டும். கன்ட்ரோலர் 24 வோல்ட் பல்ஸ் கொடுத்தால் புல் ஹை முனை வழியாகத்தான் இணைக்க வேண்டும். 5 வோல்ட் லைன் டிரைவர் பின்னில் 24 வோல்ட் போனால் இன்புட் உடனே போய்விடும்.

ட்யூனிங்குக்கு முதலில் ஜிப்பை (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்கிற ஆப்புப் பட்டை) சரி செய்யுங்கள். மெக்கானிக்கல் இறுக்கத்தைக் கெயினால் சரிக்கட்ட முடியாது. பிறகு 1-37ல் இனர்ஷியா விகிதத்தைக் கணக்குப்படி போட்டு, 2-32ஐ ஆட்டோவில் வைத்து, டேபிளை முழு நீளத்துக்கும் முன்னும் பின்னும் ஓட விடுங்கள். பிறகு 2-31ஐ ஐந்தைந்தாக ஏற்றுங்கள். ரீங்காரம் கேட்ட இடத்திலிருந்து இரண்டு படி இறக்கி நிறுத்துங்கள். ஒரே ஒரு சுருதியில் விடாமல் ஊளையிட்டால் கெயினை இறக்காமல், 2-23ல் அந்த ஃப்ரீக்வென்சியைப் போட்டு நாட்ச் ஃபில்டர் வையுங்கள். பொசிஷன் பிழை அலாரமான ஏஎல்009 அடிக்கடி வந்தால் 2-35ஐ ஏற்றி அலாரத்தை அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் நல்லதில்லை. ஆக்சிலரேஷன் அதிகமா, ஜிப் இறுக்கமா, இசட்டில் பிரேக் முழுதாக விடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பி2வில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது என்கோடர் வழி கிடையாது, அதனால் லீனியர் ஸ்கேல் வைத்து டிரைவிலேயே லூப்பை மூட முடியாது. பொசிஷனை உள்ளேயே எழுதி வைக்கிற வசதி இல்லை. என்கோடர் இன்க்ரிமென்டல், தினமும் காலை ஹோம் (தொடக்க இடம்) எடுக்க வேண்டும். இது மூன்றும் வேண்டுமென்றால் ஏ2 அல்லது அதற்கு மேல் போக வேண்டும். மூன்று அச்சு மில்லிங்குக்கு இவை தேவைப்படுவது அரிது. மிட்சுபிஷி எம்ஆர்-ஜேஇ வரிசையில் 1 கிலோவாட் எச்ஜி-எஸ்என்102 இதே 4.77 டார்க், இதே 130 ஃபிளாஞ்ச், ஷாஃப்ட் மட்டும் 24 மிமீ. சாஃப்ட்வேரும் மேனுவலும் அங்கே இன்னும் தெளிவு, விலை அதிகம். சீனத்து 130எஸ்டி மோட்டார்கள் பிராக்கெட்டில் அப்படியே உட்காரும், டார்க்கும் வஞ்சனையில்லை. ஆனால் பலவற்றில் 2500 கோட்டு என்கோடர்தான், மெதுவான ஃபீடில் ஃபினிஷ் வித்தியாசம் தெரியும். டிரைவ் போனால் அதே டிரைவ் கிடைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. ஃபனுக் மோட்டார் பழைய விலைக்குக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள், அது ஃபனுக் கன்ட்ரோலோடுதான் பேசும்.

பழைய மோட்டார் வாங்குகிறவர்கள் கடையிலேயே நாலு சோதனை செய்துவிட வேண்டும். ஷாஃப்டைக் கையால் சுற்றினால் வழுவழுவென்று சுற்ற வேண்டும். யு, வி, டபிள்யூ மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் விட்டுவிட்டால் வைண்டிங்கில் கோளாறு. வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் கீழே என்பதால் சாதாரண மல்டிமீட்டர் பயன்படாது. டிரைவையும் என்கோடர் கனெக்டரையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள். பத்து மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பின்மூடியின் திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தழும்பு இருந்தால் யாரோ என்கோடரைக் கழற்றியிருக்கிறார்கள். ரோட்டார் காந்தத்துக்கும் என்கோடருக்கும் இடையே இருந்த கோணம் மாறியிருந்தால் அந்த மோட்டார் எந்த டிரைவிலும் ஒழுங்காக ஓடாது. சர்வோவை ரீவைண்டிங் கடையில் கொடுப்பதும் இதனால்தான் உதவாது.

புது மோட்டார் என்றால் அம்பத்தூர் பக்கத்து டீலரிடம் ஜிஎஸ்டி பில்லோடு, மோட்டார், டிரைவ் இரண்டின் சீரியல் நம்பரும் பில்லில் எழுதி வாங்குங்கள். கப்ளிங், பெல்ட், பேரிங், போல்ட்டுக்குப் பாரிமுனை போதும். மூன்று அச்சுக்கு வாங்குகிறவர்கள் எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் ஒரே டிரைவ் மாடலாக எடுங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தால் பக்கத்து டிரைவோடு கேபிளை மாற்றிப் போட்டு, கோளாறு டிரைவோடு போகிறதா மோட்டாரோடு நிற்கிறதா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மாற்றிப் போடுமுன் இசட் ஹெட்டுக்கு அடியில் கட்டை வையுங்கள்.